வெற்றாக விட்ட கட்டம்: வலிப்பு வரலாறும் படைச் சேர்க்கையும்

1. வாசல்

சிறுசேரி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் படையில் சேரத் துடிக்கும் இளைஞன் வெகுதூரம் போகவேண்டியதில்லை. தாம்பரத்தில் வான்படை வீரர் தேர்வு மையம் இருக்கிறது. பரங்கிமலையில் 1963இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சி அகாடமி. ஓட்டத்துக்கும் எழுத்துத் தேர்வுக்கும் மாதக்கணக்கில் தயாராகிறவன், மருத்துவப் படிவத்தில் ஒரு கேள்வியில் பேனாவை நிறுத்துகிறான்: எப்போதாவது ஃபிட்ஸ் வந்ததுண்டா? இரண்டு வயதில் காய்ச்சலில் ஒருமுறை வெட்டி இழுத்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். “அதையெல்லாம் எதுக்குப்பா எழுதிக்கிட்டு, இல்லைன்னு போடு” என்பதும் அவள்தான். அந்த ‘இல்லை’யைப் பற்றியதே இக்கட்டுரை.

2. ஒரு சொல், பல நோய்

தமிழில் எல்லாமே ‘வலிப்பு’. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் கூட்டத்துக்கு வேறுபாடு தெரியாது, அதில் வியப்பில்லை. மருத்துவத்துக்குத் தெரியும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வரும் வலிப்பு நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு உண்டு. பெரும்பாலோருக்கு அது கால்-கை வலிப்பாக மாறுவதில்லை. நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி உண்டாக்கும் சிறு கட்டியாலும் வலிப்பு வரும். இந்தியாவில் இது அடிக்கடி காணப்படுவது, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை ஆழ்ந்து ஆராய்ந்தவர்கள். அந்தக் கட்டி பலருக்குத் தானே கரைந்துவிடுகிறது. பத்தாண்டு வலிப்பின்றி, அதில் கடைசி ஐந்தாண்டு மருந்துமின்றி இருந்தவரின் நோய் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்றது பன்னாட்டு வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம், 2014இல்.

3. விதி

படைக்கு அந்தப் பத்தாண்டுக் கணக்கு போதாது. ஐந்து வயதுக்குள் வந்த காய்ச்சல் வலிப்பை, நரம்புக் குறை ஏதும் இல்லாவிட்டால், நம் வான்படையின் மருத்துவ விதி பெரிதுபடுத்துவதில்லை. அதற்குப் பின் வந்தது தகுதியின்மை. கண்டிப்பு நியாயமானதே: தூக்கமின்மை வலிப்பைத் தூண்டக்கூடியது, காவற்பணியில் தூக்கமே முதலில் போகிறது, கையில் துப்பாக்கி, அருகில் சக வீரன்.

4. தரம்வீர் சிங் வழக்கு

சேர்ந்தபின் வலிப்பு வந்தால்? இராணுவத் தகவல் தொடர்புப் பிரிவில் 1985 ஜூன் 15 அன்று சிப்பாயாகச் சேர்ந்தவர் தரம்வீர் சிங். ஏறத்தாழ ஒன்பதாண்டுக்குப் பின், 1994 ஏப்ரல் 1 அன்று, வலிப்புநோய், 20 விழுக்காடு நிரந்தர ஊனம் என்று மருத்துவக் காரணத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் (‘போர்டு அவுட்’). பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றது மருத்துவக் குழு. ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் வென்று, அமர்வில் தோற்று, உச்ச நீதிமன்றம் போனார்.

2013 ஜூலை 2இல் வந்த தீர்ப்பு, படையிடம் கேட்கும் எளிய ஒரு கேள்வியில் நிற்கிறது. சேர்க்கையின்போது நோயைப் பற்றி ஏதாவது குறித்தீர்களா? குறிக்கவில்லை. அப்படியானால் ஆள் நலமாக வந்தான், நோய் பணியில் வந்தது என்றே கொள்ளவேண்டும். மாறாகச் சொல்பவர்தான் மெய்ப்பிக்கவேண்டும். சேர்க்கைப் பரிசோதனையில் கண்டிருக்க முடியாத நோய் என்று மருத்துவக் குழு சொல்ல 1982ஆம் ஆண்டு விதி இடம் தந்தது, ஆனால் காரணத்தோடு. இங்கே காரணம் எழுதப்படவில்லை. ஓய்வூதியம் கிடைத்தது. 2015இல் ராஜ்பீர் சிங் என்ற மற்றொரு வீரரின் வழக்கும் இதே வழியில் முடிந்தது.

5. மறைப்பின் விலை

தீர்ப்பைப் படித்துவிட்டு, “அப்போ எழுதாமல் விட்டால் நல்லதுதானே” என்று கேட்பவர் உண்டு. தலைகீழ்ப் புரிதல். வெற்றுக் கட்டம் வீரனைக் காப்பது, அவன் உண்மையைச் சொன்னான் என்ற நம்பிக்கையால்தான். பழைய மாத்திரைச் சீட்டு ஒன்று வெளிவந்தால் அந்த அனுமானம் சரிகிறது. பொய்த் தகவலுக்காக வேலையும் போகும். இதற்கு மேல், 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரர்களுக்கு ஓய்வூதியமே இல்லை. ஊன அளவுக்கேற்ப 15, 25, 44 லட்சம் ரூபாய் என்று ஒருமுறை தரும் தொகை உண்டு. அதற்கும் நோய் பணியால் வந்தது என்று ஆகவேண்டும்.

ஆகவே, பிள்ளைக்குச் சிறுவயதில் காய்ச்சல் வலிப்பு வந்திருந்தால், வயதும் தேதியும் உள்ள அந்த மருத்துவமனைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஐந்து வயதுக்குள் வந்தது என்பதற்கு அவனிடம் இருக்கப்போகும் ஒரே சாட்சி அதுதான்.