தீவகத்துக் கிணறுகளை எப்படி அளப்பது?

மீள்குடியேறியவர்களும் புலம்பெயர்ந்து வாழ்பவர்களும் நீரியல் ஆய்வில் இருக்கும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எங்கட கிணறு இனியும் நல்ல தண்ணி தருமா?" ஒரு போத்தல் நீரைப் பரிசோதித்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஊர்காவற்றுறை உள்ள வேலணைத்தீவிலோ, நயினாதீவிலோ, நெடுந்தீவிலோ ஆறில்லை. மாரி மழை சுண்ணக்கல்லில் ஊறி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கைபன்–ஹேர்ஸ்பேர்க் விதி. அதே விதிப்படி, நீர்மட்டம் 1 அடி தாழ்ந்தே இருந்தால், காலப்போக்கில் உவர் 40 அடி வரை மேலேறும். துலாவால் அள்ளியபோது தாங்கிய கிணறு, பெரிய மோட்டார் பூட்டியதும் சவராவது இதனால்தான்.

நிலத்துக்கு நிலம் சிக்கலும் மாறுகிறது. தோட்டச் செய்கை செறிந்த வலிகாமத்தில் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று பெரும் கவலை. தீவகத்தில் முதற் கவலை உப்பு. மலசலகூடக் குழி கிணற்றுக்கு அருகில் இருந்தால், வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல் வழியே கிருமியும் நைத்திரேற்றும் விரைவாக வந்துசேரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் துறையில் ஒரு தடவை எடுத்த அளவு ஒரு புள்ளி மட்டுமே. ஆண்டுக்கு இரு தடவை, மாரி முடிவிலும் கோடை முடிவிலும், நீர்மட்டத்தையும் மின்கடத்துதிறனையும் குளோரைட்டையும் பல ஆண்டுகள் அளந்தால்தான் கிணற்றின் போக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் தீவகத்தின் பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. ஆளில்லாத ஊரில் கிணற்றை அளக்கவும் ஆளில்லை. அதனால் பழைய நிலையை அறிய முதியவர்களிடம் கேட்கிறேன்: எந்தக் கிணற்றில் குடிக்க அள்ளினீர்கள், எந்த மாதத்தில் சவர்த்தது, எந்தக் கேணி கோடையிலும் வற்றாது? அந்தப் பதில்களும் தரவுதான். கேட்டு எழுதாவிட்டால் அவர்களோடு போய்விடும்.

2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் வந்தாலும் கிணற்றைக் கைவிட வேண்டாம். கேணியைத் தூர்வாருங்கள், மழைநீரை மறித்து நிலத்துக்குள் விடுங்கள், மோட்டாரைக் குறைந்த நேரம் ஓட்டுங்கள். கிணற்றுக்கென ஒரு கொப்பி வைத்து, திகதியும் நீர்மட்டமும் சுவையும் எழுதுங்கள். போர் அறுத்த பதிவை அங்கிருந்து மறுபடி தொடங்கலாம்.