சிறுவாட்டுப் பணத்திலிருந்து இயக்குநர் நாற்காலி வரை

வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் பெண்கள் சேர்த்து வைக்கும் காசுக்குச் 'சிறுவாடு' என்று பெயர். அதைச் சீட்டில் போட்டு, சீட்டுப் பணத்தை நகையாக்கி, ஆபத்துக்கு அடகு வைத்து, பிறகு மீட்டெடுத்த நம்ம பாட்டிமார் செய்ததும் முதலீட்டு நிர்வாகம்தான். ஆனால் ஊரார் பணத்தை நிர்வகிக்கும் பொறுப்பு பெண்களிடம் வந்து சேர வெகுகாலம் பிடித்தது. அந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நல்லது.

மும்பைப் பங்குச் சந்தை 1875-ல் அமைந்தது. நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கே வியாபாரம் என்பது தரகர்கள் நெருக்கியடித்து நின்று, கூவியும் கைஜாடை காட்டியும் விலை பேசுவதுதான். தொழில் பெரும்பாலும் தந்தைக்குப் பின் மகன் என்று சென்றது. பெண்களைக் காண்பது அரிது. 1994-ல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரையில் பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே மும்பைச் சந்தையும் திரைக்கு மாறியது. தொண்டை பலமும் தோள் பலமும் தேவைப்படாத தொழிலாயிற்று.

ஆயினும் பெண்கள் உயர்ந்தது சந்தைக் கூடத்தின் வழியாக அல்ல; வங்கிகள், வளர்ச்சி நிதி நிறுவனங்கள் ஆகியவற்றின் வழியாக. காரணம் எளியது. அங்கே வேலைக்குச் சேரத் தேர்வும் நேர்காணலும் இருந்தன. 'யார் மகன்' என்ற கேள்வி அவ்வளவாக இல்லை. தொழில் திட்டங்களை ஆராய்வது, ஐந்தொகையைப் படிப்பது, தொழிற்சாலைக்கு நேரில் போய்ப் பார்த்துக் கடன் தரலாமா என்று தீர்மானிப்பது என்று வேலையே பயிற்சியாக அமைந்தது. ஐ.டி.பி.ஐ.யில் பணியாற்றிய தர்ஜனி வகீல் 1993-ல் எக்ஸிம் வங்கியின் தலைவரானார். இந்திய நிதி நிறுவனம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். 1995-96-ல் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் கண்ட நம் சென்னை இந்தியன் வங்கிக்கு 2000-ல் தலைவராக வந்தவர் ரஞ்சனா குமார். 2001-02-ல் வங்கி மீண்டும் லாபம் காட்டியது. 2001-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சரின் தலைமையை ஏற்ற ரேணுகா ராம்நாத், 2009-ல் 'மல்டிபிள்ஸ்' என்ற சொந்த முதலீட்டு நிறுவனத்தையே தொடங்கினார்.

இந்த ஏணியிலும் ஒரு படி வழுக்கியது. பதவி உயர்வு என்றால் வெளியூர் மாற்றல். குழந்தைகளின் படிப்பு, மாமியாரின் உடல்நிலை என்று எண்ணி, "பிரமோஷன் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்த பெண்கள் எத்தனையோ பேர். திறமை குறைந்து நின்றவர்கள் அல்லர் அவர்கள்.

இயக்குநர் குழுவின் கதை வேறு. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்றது. செபி 2015 ஏப்ரல் 1 வரை கெடு கொடுத்தது. கடைசி நேரத்தில் பல முதலாளிகள் மனைவியையோ மகளையோ நியமித்துக் கணக்கை நேர் செய்தார்கள். நாற்காலி நிரம்பியது, கேள்வி கேட்கும் குரல் வரவில்லை. ஆகவே முதல் 500 நிறுவனங்களில் 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 நிறுவனங்களில் 2020 ஏப்ரல் முதலும், குடும்பத்தைச் சாராத சுயேச்சையான பெண் இயக்குநர் ஒருவராவது கட்டாயம் என்று விதி இறுகியது.

சுயேச்சை ஏன் முக்கியம்? மியூச்சுவல் ஃபண்டையே எடுத்துக்கொள்வோம். எந்தப் பங்கை வாங்குவது என்று தீர்மானிப்பவர் நிதி மேலாளர். 'ஏன் வாங்கினாய், யாருக்கு லாபம்?' என்று கேட்க வேண்டியவர்கள் இயக்குநர்களும் அறங்காவலர்களும். செபி விதிகளின்படி அறங்காவலர்களில் மூன்றில் இரு பங்கினர் வெளியார். அந்த நாற்காலியில் தலையாட்டி பொம்மை அமர்ந்தால், நஷ்டம் நம்முடைய சேமிப்புக்குத்தான்.

2017-ல் எடல்வைஸ் மியூச்சுவல் ஃபண்டின் தலைமைப் பொறுப்புக்கு ராதிகா குப்தா வந்தார். 2022-ல் செபியின் முதல் பெண் தலைவராக மாதவி புரி புச் அமர்ந்து, 2025 வரை இருந்தார். கண்காணிக்கும் இடத்துக்கே பெண் வந்தாயிற்று.

ஆனால் நம் வீடுகளில்? டீமேட் கணக்கு மனைவி பெயரில் இருக்கும்; பாஸ்வேர்டு கணவரிடம் இருக்கும். "இங்கே கையெழுத்துப் போடும்மா" என்றால் படிக்காமலே போடுவார்கள். கம்பெனிகளில் சட்டம் மாற்றிய அந்த வழக்கத்தை வீட்டில் நாம்தான் மாற்ற வேண்டும். வெளிமாநிலத்துக்கு வந்து, மகள்களை நன்றாகப் படிக்க வைத்த சமூகம் நம்முடையது. பரதநாட்டியமும் பாட்டும் கற்பிக்கும் அதே அக்கறையோடு, ஐந்தொகை படிக்கவும், புரியாததைக் கேள்வி கேட்கவும் அவர்களுக்குக் கற்றுக் கொடுப்போம். மாற்றலோடு பதவி உயர்வு வரும் நாளில், "போய்ட்டு வாம்மா, வீட்டை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லவும் தயாராவோம்.