கூடப்பிறந்தவர்களுக்கு ஒரு கட்டம்



குற்றாலத்தில் சாரல் விழும்போதெல்லாம் எனக்கு ஒரு மாணவி ஞாபகம் வரும். 1990களின் தொடக்கம். ஐந்தாம் வகுப்பு. தினமும் தாமதமாக வருவாள். நானும் தினமும் வாசலில் நிற்க வைப்பேன். பிள்ளைகளை ஐந்தருவிக்குக் கூட்டிப் போன அன்று அவள் வரவில்லை. மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தம்பிக்கு மூளை முடக்குவாதம். அம்மா சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு வரும்வரை, அவனுக்குச் சோறு ஊட்டுவது இவள் வேலை.

"தம்பி இல்லேன்னா நானும் அருவிக்கு வந்திருப்பேன் டீச்சர்" என்றவள், உடனே பயந்து, "அப்படிச் சொல்லக்கூடாதுல்லா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்த ஆசிரியர் பயிற்சியில் அதற்குப் பாடம் இல்லை.

நம் பகுதிக்கு இந்தத் துறையில் பெருமையான வரலாறு உண்டு. பொறியியல் மாணவராக இருந்த ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஐ.நா. சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த ஆண்டும் அதுதான். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1995இல் ஒரு சட்டம் வந்தது. 2016இல் வந்த சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது.

இத்தனைக்கும் பிறகு, நான் நிரப்பிய படிவங்களில் குழந்தையின் பெயருக்கும் பெற்றோர் பெயருக்கும் கட்டம் இருந்தது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கும் கட்டம் இல்லை.

வெளிநாட்டிலும் இது தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் பிரான்சஸ் கிராஸ்மன், இப்படிப்பட்ட சகோதர சகோதரிகளான கல்லூரி மாணவர்களிடம் பேசி 1972இல் ஒரு நூல் எழுதினார். பலர் தங்களுக்குப் பொறுமையும் இரக்கமும் வளர்ந்ததாகச் சொன்னார்கள். ஏறக்குறைய அதே அளவினர் கோபத்தையும் குற்ற உணர்வையும் சுமந்துகொண்டிருந்தார்கள். 1982இல் சியாட்டில் நகரில் டான் மேயர், 'சிப்ஷாப்' என்ற பெயரில் இந்தப் பிள்ளைகளை மட்டும் கூட்டி விளையாட வைத்தார், பேசவும் வைத்தார். 'எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறது' என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

அன்று என்னிடம் வராத பதில் இதுதான்: சொல்லலாம் அம்மா. கோபம் வருவதால் பாசம் இல்லை என்று ஆகிவிடாது.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். தாமதமாக வரும் பிள்ளையை நிற்க வைக்கும் முன் காரணம் கேளுங்கள். இப்படி ஒரு குழந்தை உள்ள வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். நன்றாக நடமாடும் பிள்ளைக்கென்று தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தம்பிக்கு என்ன நோய் என்று அதற்கும் புரியும்படி சொல்லுங்கள். "நீதான் பெரியவள், பொறுத்துக்கோ" என்பதைக் கொஞ்சம் குறையுங்கள்.

அந்த மாணவியும் இதைப் படிக்கக்கூடும். வாசலில் நிற்க வைத்ததற்கு என்னை மன்னித்துவிடு தாயே. ஒரு நாள் வா, அருவிக்குப் போவோம்.