அச்சுத்தாள் இல்லாத தேன்பெட்டி

அடையாறு, மயிலாப்பூர் பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில ஒரே ஒரு பெரிய அடை தொங்குதுன்னா, அது மலைத்தேனீ. அதைப் பெட்டியில வளர்க்க முடியாது. பழைய மீட்டர் பாக்ஸுக்குள்ள வரிசையா நாலஞ்சு அடை இருந்தா, அது அடுக்குத் தேனீ. இன்னிக்கு எபிசோட் இந்த இரண்டாவது ஆளைப் பத்தி.

1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் ஒண்ணு கவனிச்சார். அடைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவுல ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவா சந்து விட்டா, தேனீ அதை அடைக்காது, நடைபாதையா வெச்சுக்கும். அதனால சட்டங்களை அடை உடையாம வெளியே எடுக்கலாம். 1857இல் ஜெர்மனியில் மேரிங், அறுகோண அச்சு பதிச்ச மெழுகுத் தாள் செஞ்சார். தேனீ அந்த அச்சு மேலேயே சுவர் எழுப்பும். அடை நேரா வரும். தேனும் மிச்சம், ஏன்னா ஒரு கிலோ மெழுகு சுரக்க ஆறேழு கிலோ தேனாவது செலவாகும்.

ஆனா அந்த அளவெல்லாம் ஐரோப்பியத் தேனீயோடது. அதோட தாள்ல ஒரு அறை சுமார் 5.4 மில்லிமீட்டர் அகலம். நம்ம ஊர் அடுக்குத் தேனீ கட்டுறது 4.3 பக்கம். வேற யூசருக்காக ஹார்ட்கோட் பண்ண வேல்யூ, அவ்வளவுதான்.

1911-17இல் நியூட்டன் பாதிரியார் தென்னிந்தியாவில் இந்தச் சின்னத் தேனீக்குன்னே ஒரு சின்னப் பெட்டி வடிவமைச்சார், கிராமத்து ஆட்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். கீழே புழு அறையில ஏழு சட்டம். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையமும் தேனீ வளர்ப்பை விவசாயிகள்கிட்ட கொண்டுபோச்சு.

பெட்டியில குடியேத்துற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மரப்பொந்துல இருக்கற கூட்டத்தோட புழு அடையை அறுத்து, சட்டத்துல வாழைநாரால கட்டுவாங்க. மத்த சட்டம் காலி. தேனீக்கள் ஒண்ணோட ஒண்ணு கால் கோத்துத் தொங்கி, மேலிருந்து கீழே தானே கட்டிக்கும். இப்ப வெளிநாட்டுல 'இயற்கை அடை'ன்னு பெரிய பேச்சு. இங்க அது கொள்கை இல்ல, கட்டுப்படியாகுற வழி. தாளுக்கு மெழுகு வேணும், அச்சு மெஷின் வேணும். வாழைநார் கொல்லையிலயே கிடைக்குது.

சும்மா வரல. சில அடை கோணலா வரும், ரெண்டு சட்டத்தை ஒட்டியும் கட்டிடும். உள்ளே கம்பி கிடையாது, அதனால தேன் எடுக்கற மெஷினை மெதுவாத்தான் சுத்தணும். வேகமா சுத்தினா அடை பிய்ஞ்சு தேனோட கலந்துடும்.