ஏடும் நூலும் எண்ணிம நூலகமும்

ஒரு சமுதாயத்தின் அறிவுச் செல்வம் அதன் நூல்களிலே தங்கியுள்ளது. அந்நூல்கள் எத்தனை பிரதிகளாக, எத்தனை இடங்களில் உள்ளன என்பதைப் பொறுத்ததே அச்செல்வத்தின் ஆயுள். யாழ்ப்பாணத்து வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

1832ஆம் ஆண்டு சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், செல்லுக்கிரையாகி அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கி, வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். சில வீடுகளிலே முடங்கிக்கிடந்த நூல்கள் ஊர்தோறும் உலாவின. பிரதி பெருகவே நூல் பிழைத்தது.

அச்சுநூல்களை ஓரிடத்திலே திரட்டும் பணி பின்னர் எழுந்தது. 1933இல் க. மு. செல்லப்பா அவர்கள் தொடங்கிய முயற்சி, மறு ஆண்டிலே 844 நூல்களுடன் மக்கள் நூலகமாயிற்று. 1959இல் அதற்கு அழகிய கட்டடம் எழுந்தது. ஆனால் 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் அது எரியூட்டப்பட்டபொழுது, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அச்சு நூல்கள் பலவற்றை மீண்டும் வாங்கலாம். வேறு பிரதியில்லாத ஏட்டினை எங்கே வாங்குவது?

இவ்வினாவுக்கு ஒரு விடையாகவே எண்ணிம நூலகம் வாய்த்தது. 1998இல் மதுரைத் திட்டம் தமிழிலக்கியங்களை இணையத்திலே இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2005இல் ஈழத்து நூல்களுக்கென நூலகத் திட்டம் தோன்றியது. இடையில், 2002இல் வெளியான புடாப்பெஸ்ட் அறிக்கை, ஆராய்ச்சிக் கட்டுரைகளை யாவரும் கட்டணமின்றி இணையத்திற் படிக்க வழி வேண்டுமென முழங்கியது. அதற்குத் தக்க காரணமுண்டு. முன்னாளிற் பல்கலைக்கழகம் வாங்கிய சஞ்சிகை அதன் அலுமாரியிலேயே இருந்தது. மின்சஞ்சிகையோ பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவுக்குப் பெறும் வாடகைப் பொருள். சந்தா நின்றால், முன்பு படித்தவையுங் கைநழுவக்கூடும்.

எனினும், இலவசமாகக் கிடைப்பவையெல்லாம் தாமே நூற்றிரட்டாகிவிடா. தகுதியானவற்றைத் தெரிவுசெய்தல், பட்டியற்படுத்தல், பல இடங்களிற் பிரதிவைத்தல் ஆகிய மூன்றும் இன்றும் நூலகருக்குரிய கடமைகளே. ஆசிரியர் உரிமையையும் மதித்தல் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கையிலே பதிப்புரிமை பொதுவாக ஆசிரியரின் ஆயுளுக்குப் பின்னும் 70 ஆண்டு நிலைக்கும். அதற்குள் நூலை வெளியிட உரியவரின் இசைவு வேண்டும்.

இளைஞர்களே! பேரறிஞரின் பெருநூல்களைப் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களும் பேணும். நம்மூர்ப் பாடசாலை மலர்களையும், சங்க அறிக்கைகளையும், நினைவு வெளியீடுகளையும் நாமல்லாது யார் பேணுவர்? நாளைய வரலாற்றாசிரியனுக்கு அவையே சான்று. மூத்தோர் தம் பெட்டகங்களைத் திறப்பாராக. இளையோர் அவற்றை எண்ணிமப்படுத்துவாராக. ஒற்றைப் பிரதியாய் ஒன்றேனும் எஞ்சியிருக்கும்வரை நம் பணி முடிந்ததாகாது.