போதுமா, போதாதா?

வங்கித் தேர்வுக்கோ மேலாண்மைப் படிப்பின் நுழைவுத் தேர்வுக்கோ தயாராகிறவர்களுக்கு டேட்டா சஃபிசியன்சி கணக்குகள் பழக்கமானவை. ஒரு வினா, அதன் கீழே இரண்டு கூற்றுகள். விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு கூற்று போதுமா, இரண்டும் வேண்டுமா, இரண்டும் சேர்ந்தும் போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டும். மாணவரைக் குழப்பவே தேர்வு நடத்துகிறவர்கள் செய்த ஏற்பாடு இது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதனால் சில குறுக்குவழிகளை மனப்பாடம் செய்து தாண்டிவிட வேண்டிய பகுதியாகவே பலரும் இதைப் படிக்கிறார்கள். இந்த வினாவகையின் வரலாற்றைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. கணிதம் தொடக்க காலம் முதலே கேட்டுவரும் ஒரு கேள்வியைத்தான் இது தேர்வுத்தாளுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட் எழுதிய 'எலிமெண்ட்ஸ்' உலகம் அறிந்தது. அவருடைய 'டேட்டா' என்ற சிறு நூலைப் பற்றி அவ்வளவாகப் பேசுவாரில்லை. அதிலுள்ள 94 தேற்றங்களும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: இன்னது தரப்பட்டால் வேறு எதெல்லாம் முடிவாகிவிடும்? முக்கோணத்தின் மூன்று கோணங்களும் தெரிந்தால் அதன் வடிவம் முடிவாகிவிடும் என்று அதில் நிறுவுகிறார். வடிவம்தான், அளவு அல்ல. மூன்று கோணங்களைத் தந்து பரப்பளவைக் கேட்கும் கணக்கில் இன்றும் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். சீனாவில் 5ஆம் நூற்றாண்டில் சாங் சியூஜியான் ஒரு கணக்கு எழுதினார். சேவல் ஒன்று 5 காசு, பெட்டைக்கோழி ஒன்று 3 காசு, குஞ்சு மூன்று 1 காசு. 100 காசுக்கு 100 பறவை வாங்க வேண்டும். அதற்கு மூன்று வெவ்வேறு விடைகளை அவரே தந்தார். ஆரியபட்டர் 499இல் எழுதிய ஆரியபட்டீயத்தில் வரும் குட்டக முறையும், ஒரே விடையில் அடங்காத சமன்பாடுகளுக்கு முழு எண் விடை காண்பதற்கானது. பறவையைப் பாதியாக வாங்க முடியாது என்ற சொல்லாத நிபந்தனையும் ஒரு தரவுதான் என்பதை இக்கணக்குகள் காட்டுகின்றன. 7 ரூபாய் பேனாவும் 5 ரூபாய் பென்சிலும் சேர்த்து 31 ரூபாய்க்கு வாங்கினால் எத்தனை பேனா? தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று; ஆகவே போதாது என்று மனப்பாட விதி சொல்லும். ஆனால் 3 பேனா, 2 பென்சில் தவிர வேறு எதுவும் இங்கே பொருந்தாது. தொகையை 59 ரூபாய் ஆக்குங்கள்: 2 பேனா, 9 பென்சில் என்றும் வரும், 7 பேனா, 2 பென்சில் என்றும் வரும். விதி ஒன்றே, முடிவு வேறு.

தேர்வுத்தாளுக்கு இந்தக் கேள்வி வந்தது அமெரிக்காவில். தரப்பட்ட நிபந்தனை போதுமானதா, குறைவா, மிகையா, முரணா என்று முதலில் கேட்டுக்கொள்ளும்படி கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியான 'ஹவ் டு சால்வ் இட்' நூலில் அறிவுறுத்தியிருந்தார். 1950களின் இறுதியில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் டேட்டா சஃபிசியன்சி இடம்பெற்றது. வணிகப் பள்ளிகளுக்காக 1954இல் தொடங்கி, 1976இல் ஜிமேட் என்று பெயர் மாறிய தேர்வில் அது நிலைத்த அடையாளமே ஆகிவிட்டது. இந்தியாவில் கேட், வங்கித் தேர்வுகள் என்று பரவி, 2011இல் அறிமுகமான யுபிஎஸ்சியின் சிசாட் தாளுக்குள்ளும் வந்திருக்கிறது.

எஸ்ஏடி இதை 1974இல் கைவிட்டதே, பயனில்லை என்றுதானே என்று கேட்கலாம். அங்கே இடித்தது நேரம். இரண்டு அளவுகளில் எது பெரியது என்று கேட்கும் ஒப்பீட்டு வினாக்கள் அதே நேரத்தில் கூடுதலாகக் கேட்க இடம் தந்ததால் அதன் இடத்தைப் பிடித்தன. அந்த ஒப்பீட்டு வினாவிலும் 'தரப்பட்ட விவரத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது' என்று ஒரு விடை இருந்தது. வடிவம் போயிற்று, கேள்வி போகவில்லை. ஜிமேட்டும் 2023இல் தேர்வை மாற்றியமைத்தபோது இதை நீக்காமல், தரவை ஆராயும் புதிய பகுதிக்குக் கொண்டுபோனது.

கணக்கை முடிக்கச் சொல்லாத வினா திறமையை எப்படி அளக்கும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். 1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள்: கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே வயது சொன்னார்கள். அவர்களுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்கப் பழகவில்லை. கணக்கிடும் திறன் முக்கியம்தான். அதை அளக்க மற்ற வினாக்கள் தாள் முழுக்க இருக்கின்றன. இந்தக் குறையைப் பிடிப்பதற்கென்றே அமைந்த வினா இது.

விடைத்தெரிவுகளைக் கழித்துக்கட்டும் உத்திகள் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கூற்று போதுமா என்று தீர்ப்பது அந்த உத்தியின் வேலையல்ல, உங்கள் வேலை. எனவே தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ஒரு பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். 'போதாது' என்று குறிக்கும் ஒவ்வொரு முறையும், அந்தக் கூற்றுக்குப் பொருந்தும் இரண்டு வெவ்வேறு விடைகளைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாவது விடை கிடைக்காவிட்டால் அதைக் குறிக்காதீர்கள். கூற்றை மறுபடி படியுங்கள்.