தைக்காத துணியும் தைத்த துணியும்

இஸ்லாம் என்றதும் பிறையையும், சீக்கியம் என்றதும் வளையத்தைச் சூழ்ந்து வாள்கள் நிற்கும் கண்டாவையும்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் பிறை, இஸ்லாத்துக்கு முன்பே பைசாந்தியத்திலும் பாரசீகத்தின் சாசானிய நாணயங்களிலும் இருந்தது. ஒட்டோமான் துருக்கியரின் கொடி வழியாகத்தான் அது பரவலான முஸ்லிம் அடையாளமாயிற்று. கண்டா இன்றைய வடிவில் நிலைபெற்றதும் 20ஆம் நூற்றாண்டில்தான். இந்தச் சமயங்கள் மனிதரை எப்படிப் பார்க்கின்றன என்று அறியக் கொடியைவிட உடம்பில் கட்டும் துணியே நல்ல சான்று. உடுமலைப்பேட்டை முதல் திருப்பூர் வரை நூலாலும் துணியாலும் பிழைக்கும் நமக்கு, துணியில் அந்தஸ்து எப்படித் தெரியும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹஜ் செல்லும் ஆண், மக்காவுக்கென வகுத்த எல்லையைத் தாண்டுமுன் தைத்த உடைகளைக் களைந்து இஹ்ராம் கட்டுகிறார். இரண்டே வெள்ளைத் துணிகள்: ஒன்று வேட்டியாக இடுப்பில், மற்றது துண்டாக மேலே. காலர் இல்லை, பொத்தான் இல்லை, பை இல்லை. தையல் என்பது ஒருவருக்கென்று அளவெடுத்துச் செய்வது. அதில் அவர் பணமும் பதவியும் ஊரும் தெரிந்துவிடும். தையலை எடுத்துவிட்டால் மில் முதலாளியும் அதே மில்லில் கோன் மாற்றுபவரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். பெண்களுக்கு இந்த விதி இல்லை. அவர்கள் தைத்த உடையிலேயே செல்கிறார்கள். ஆனால் கடைசிப் பயணத்தில் இருபாலருக்கும் கஃபன் என்னும் எளிய வெள்ளைச் சவத்துணிதான்.

சீக்கியம் இதே இடத்துக்கு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 1699ஆம் ஆண்டு வைசாகியன்று ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் கால்சா என்னும் தீட்சை பெற்ற சீக்கியர் அணியைத் தொடங்கியபோது, தலைகொடுக்க முன்வந்தவர்களாகச் சீக்கிய மரபு ஐவரைச் சொல்கிறது. அவர்களில் துவாரகையின் துணி அச்சிடும் தொழிலாளி மோக்கம், பூரியின் தண்ணீர் சுமப்பவர் ஹிம்மத், பீதரின் நாவிதர் சாஹிப் ஆகியோரும் உண்டு. அவர்களுக்குத் தீட்சையாக அமிர்தம் கொடுத்த குரு, பிறகு அவர்கள் கையாலேயே தானும் பெற்றுக்கொண்டார். கால்சாவினர் தரிக்க வேண்டிய வெட்டாத முடி, சீப்பு, இரும்பு வளை, கிர்பான் என்னும் வாள், கச்சேரா என்ற ஐந்தில் கச்சேரா ஓர் உள்ளாடை. ஜட்டி தைத்து உலகுக்கு அனுப்பும் நம் வட்டாரம் இதைக் கவனிக்க வேண்டும்: நெய்த பருத்தியில் தொளதொளவென்று தைத்து நாடா கோத்தது, குதிரையேறவும் ஓடவும் தடையில்லாதது. முடியைக் காக்கும் தலைப்பாகையோ அரசரும் பிரபுக்களும் பெருமையாகக் கட்டியது. அதையும் வாளையும் நாவிதருக்கும் தண்ணீர் சுமப்பவருக்கும் கொடுத்ததுதான் புரட்சி. இஹ்ராம் எல்லாரையும் இறக்கிச் சமமாக்குகிறது. தலைப்பாகை எல்லாரையும் ஏற்றிச் சமமாக்குகிறது. தோளில் துண்டு போடக்கூட ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை மறுத்த மண் நம்முடையது. திருவிதாங்கூரில் மேலாடைக்காகப் பெண்கள் போராடி 1859இல்தான் உரிமை பெற்றார்கள். அந்த ஏற்றத்தின் கனம் நமக்குப் புரியாமல் போகாது.

ஐந்தும் ஒரே பட்டியலாக உறுதிப்பட்டது 1699க்குப் பிந்தையது என்று சில வரலாற்றாய்வாளர்கள் வாதிடுகிறார்கள். இருக்கட்டும், ஒரு சின்னத்தின் பொருள் அது பிறந்த நாளோடு முடிவதில்லை, தலைமுறைகள் அதை எதற்காகச் சுமந்தன என்பதில் வளர்கிறது. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: துணியில் சமத்துவம் பேசிவிட்டுப் பஞ்சாபில் சாதிக்கொரு குருத்வாரா இருக்கிறதே, மக்காவில் கஅபாவைச் சுற்றிச் செல்வந்தருக்கான விடுதிகள் எழுந்துள்ளனவே? உண்மைதான், வெட்கக்கேடும்தான். ஆனால் அது வெட்கக்கேடாகத் தெரிவதே அந்தத் துணி ஓர் அளவுகோலை நிறுத்தி வைத்திருப்பதால்தான். அளவுகோலே இல்லாத இடத்தில் குறையைச் சுட்டவும் வழியில்லை. இத்தகைய அடையாளங்கள் மனிதரைப் பிரிக்கின்றன என்பாரும் உண்டு. பிரிப்பது துணியல்ல, அதைக் கண்டு ஒதுங்கும் மனம். நம் அரசமைப்பின் 25ஆம் பிரிவு, கிர்பான் அணிவதைச் சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதன் பகுதியாகவே ஏற்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தலைப்பாகை கட்டிய சீக்கியருக்குத் தலைக்கவசத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. இவற்றைச் சலுகை என்று சொல்வது தவறு. உரிமை என்றே சொல்ல வேண்டும்.